அகராதிக்காரர் வீட்டில் என் அக்கா

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் இருபத்தெட்டு மதிப்பெண் வாங்கித் தோற்றவள் என் அக்கா. அவளைப் போய் ஆங்கில அகராதி எழுதுகிற வீட்டில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணம் பேசி முடித்த அன்று அவள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "டேய், அங்க போனா எனக்கு மறுபடியும் பரீட்சை வைப்பாங்களாடா?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் வைத்தார்கள். முடிவை மட்டும் கடைசிவரை சொல்லவேயில்லை.

அக்கா போய் ஏழு மாதமாகிறது. வயிற்றில் வந்த ஒரு வலியை நேரத்தோடு யாரும் கவனிக்காததால் போனாள். கவனித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "வாய்ப்பு நல்லாவே இருந்துது" என்றார் அந்த அம்மா. அந்த வாய்ப்பு எப்படிக் கை நழுவிப் போனது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. எழுதினாலும் வரும் என்று தோன்றவில்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு கால் விடுபட்டால், ஒரு புள்ளி கூடினால், எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும். என் அக்கா பாதியாக இளைத்தது எனக்கு உறுத்தவில்லை. இப்படிப்பட்டவன் சொல்கிற கதை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தான் நூலகத்தில் வேலை பார்த்தார். தெருவில் அவருக்கு 'அகராதி' என்றே பெயர். திமிர் பிடித்தவனையும் நாம் அப்படித்தான் சொல்வோம், அதையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் அது அநியாயம். சாதுவான மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய அக்கா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியோடுதான் இருந்தார். என் அக்காவுக்கு அவர் அண்ணி, எனக்கு டீச்சரம்மா.

மாடியில் மூன்று அறை. நடு அறையில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய மேசை. அதில் ஒருவர்கூட உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மேசைமேல், மேசைக்கடியில், நாற்காலிகள்மேல், சுவரோரம் எல்லாம் செருப்புப் பெட்டிகள். பெட்டி நிறையச் சீட்டு. முனையிலிருந்த செருப்புக் கடையில் அத்தான் காலிப் பெட்டியாகக் கேட்டு வாங்கி வாங்கி, கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், உங்க வீட்ல மொத்தம் எத்தனை கால்?" என்று கேட்டேவிட்டார். அத்தானும் டீச்சரம்மாவும் சோபாவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார்கள். அக்கா அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவாள். இருபத்திரண்டு வருடமும் நின்றபடியேதான்.

அவர்கள் எழுதியது ஆங்கிலக் கூட்டுச் சொற்களுக்கு ஒரு புத்தகம். இரண்டு சொல் ஒட்டி மூன்றாவதாக ஒன்று பிறக்குமே, அந்த மாதிரிச் சொற்கள். அதன் பொருள் என்ன, எங்கே பிறந்தது, ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாதிக்கும் என்ன அர்த்தம் என்றெல்லாம் தமிழில் எழுதுவது. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முன்பாதி அத்தானுக்கு, பின்பாதி டீச்சரம்மாவுக்கு. 'ஹவுஸ்' என்று தொடங்குகிற சொற்களெல்லாம் ஒரு குடும்பமாக அத்தானிடம் இருக்கும். 'வைஃப்' என்று முடிகிற சொற்களெல்லாம் இன்னொரு குடும்பமாக டீச்சரம்மாவிடம் இருக்கும். அத்தானுக்கு வெள்ளைச் சீட்டு, டீச்சரம்மாவுக்கு மஞ்சள் சீட்டு. ஆக ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு சீட்டு வந்துவிடும். ஒரே விளக்கத்தை இரண்டு இடத்தில் எழுதினால் புத்தகம் தூக்க முடியாத கனமாகிவிடும் என்பதால் ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்தக் குடும்பத்தில் அந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறதோ அங்கே முழு விளக்கம். மற்ற இடத்தில் 'காண்க' என்று போட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். யார் எழுதுவது, யார் 'காண்க' போடுவது என்பதை வாய்ப்பேச்சாகவே முடிவு செய்துகொள்வார்கள். பெட்டியிலிருந்து தலை நிமிராமல் "இது உனக்கு", "இதை நான் வச்சுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

சீட்டு வெட்டுவது அக்காவின் வேலை. எங்கள் அச்சகத்தில் ஒரு பக்கம் அச்சாகி வீணான தாள்களை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போவாள். அளவுச் சட்டம் வைத்து வெட்டி, நூறு நூறாக ரப்பர் போட்டு வைப்பாள். பெட்டிகளின் வரிசை கலையாமல் தூசி தட்டுவதும் அவள்தான். "உங்க அக்கா கை பட்டா ஒரு சீட்டு இடம் மாறாது" என்று டீச்சரம்மா என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

காதில் விழுந்து விழுந்தே அவளுக்குப் பாதி அகராதி மனப்பாடம் ஆகியிருந்தது. அச்சகத்துக்கு வரும்போது என் மேசையோரம் நின்று ஒப்பிப்பாள். "விண்டோன்னா என்ன தெரியுமா? காத்தோட கண்ணாம். வடக்க ஏதோ கடற்கரை ஜனங்க அந்தக் காலத்துல அப்படிச் சொன்னாங்களாம். எங்க வீட்டு ஜன்னலெல்லாம் பெட்டி அடுக்கி மறைச்சாச்சு, கண்ணவிஞ்சு போச்சு." இன்னொரு நாள் வந்து, "பிரேக்ஃபாஸ்ட்னா ராத்திரி பூரா இருந்த பட்டினிய முறிக்கிறதாம். முறிக்கிறவங்க எட்டு மணிக்கு எழுந்திருக்கறாங்க. முறிக்க வைக்கிறவ அஞ்சு மணிக்கே எழுந்திருக்கணும்னு எந்தச் சீட்டுலயும் இல்ல" என்றாள். டெட்லைன் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு அடங்காது. முன்பு போர்க் கைதிகளை அடைத்து வைத்த இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்களாம், அதைத் தாண்டினவனைச் சுட்டுவிடுவார்களாம். "உங்க அத்தான் பத்து வருஷமா டெட்லைன் டெட்லைன்னு தாண்டிக்கிட்டே இருக்காரு. சுடறதுக்குத்தான் ஒரு ஆளையும் காணோம்."

அந்த வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. வேலைக்காரி மாதிரி நடத்தினார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அடித்திருந்தாலாவது ஒருநாள் நான் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன்.

வலி வந்த கதைக்கு வருகிறேன். முதலில் சாப்பிட்டதும் வயிறு இழுத்துப் பிடித்தது. பிறகு சாப்பிடாமலே பிடித்தது. அக்கா அத்தானிடம் சொன்னாள். அவர் அக்கறையில்லாமல் ஒன்றும் சொல்லிவிடவில்லை. "அண்ணிகிட்ட சொல்லேன். அவளுக்கு அந்த லேடி டாக்டரை நல்லாத் தெரியும், கூட்டிட்டுப் போவா" என்றார். சொன்னதோடு, காரியம் நடந்துவிட்டதாகவே அவர் மனதில் பதிந்துபோயிற்று. அக்கா டீச்சரம்மாவிடம் போனாள். "தம்பிகிட்ட சொன்னியாம்மா? புருஷன்காரன் இருக்கறப்ப நான் முந்திக்கிட்டுக் கூட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? அவன் கூட்டிட்டுப் போவான்" என்றார் அவர். அக்கா மறுபடி அத்தானிடம் போய், "அண்ணி உங்களைத்தான் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க" என்று நிற்கிற ரகமில்லை. இரண்டு முறை கேட்டால் அது அவளுக்குப் பிச்சை கேட்ட மாதிரி. மருந்துக் கடையில் தானே ஒரு மாத்திரை அட்டை வாங்கி அடுக்களை அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

அந்த அட்டைதான் குடியைக் கெடுத்தது. தண்ணீர் குடிக்கப் போன அத்தான் அதைப் பார்த்தார். டீச்சரம்மா டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டார் என்று நிம்மதியானார். டீச்சரம்மாவும் பார்த்தார். தம்பி கூட்டிப்போய்விட்டான் என்று நிம்மதியானார். புத்தகம் முடிகிற நேரம் வேறு. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பத்து மாதம் நிம்மதியாக இருந்தார்கள்.

புத்தகம் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. பிழை திருத்துவது என் பொறுப்பு. ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். 'காண்க' என்று எங்கே வந்தாலும், சொன்ன பக்கத்தைப் புரட்டி, அங்கே விஷயம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். இருநூற்று ஆறாம் பக்கத்தில், ஹவுஸ் குடும்பத்தில், ஹவுஸ்வைஃப் என்ற சொல்லுக்கு நேராக 'வைஃப் காண்க' என்று இருந்தது. நானூற்று முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போனேன். வைஃப் குடும்பம் அங்கே அமர்க்களமாக இருந்தது. வைஃப் என்றால் அந்தக் காலத்தில் மனைவி என்றுகூட இல்லையாம், வெறுமே பெண் என்றுதான் பொருளாம். மிட்வைஃப் என்றால் பிரசவத்தில் கூட இருக்கிற பெண். ஃபிஷ்வைஃப் என்றால் மீன் விற்கிற பெண், பிறகு வாயாடிக்கும் அதுவே பெயராகிவிட்டது. எல்லாவற்றுக்கும் அரைப் பக்கம், முக்கால் பக்கம். நடுவில் ஹவுஸ்வைஃப். அதற்கு நேராக 'ஹவுஸ் காண்க'.

ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்படி ஒரு பிழை கையில் சிக்குவது என் தொழிலில் அபூர்வம். எழுத்துப் பிழை யாருக்கும் வரும். இது இரண்டு கெட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் முழுசாக நம்பினால்தான் வரும். அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலமே தாள்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சீண்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான், வேறொன்றுமில்லை.

அத்தான் வெள்ளைப் பெட்டியை இழுத்தார். டீச்சரம்மா மஞ்சள் பெட்டியை இழுத்தார். இரண்டு சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

"மிட்வைஃப் எல்லாம் உன்கிட்டதானே இருக்கு? இதையும் நீ எழுதிட்டேன்னு நெனச்சேன்" என்றார் அத்தான்.

"ஹஸ்பண்ட் உன்கிட்டதானே இருக்கு? வீட்டுல குடியிருக்கறவன்னு அதுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கே. கூடவே இதையும் எழுதாம விடுவியா? எழுதியிருப்பேன்னு நானும் நெனச்சேன்" என்றார் டீச்சரம்மா.

"நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நானும்தான் கேட்டிருக்கலாம்."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்போது அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று கோப்பை. அறைக்குள் வந்தவள் தட்டை வைக்க இடம் தேடினாள். மேசையில் இடமில்லை. நின்றாள். தட்டு ஆடியது. கதவு நிலையில் சாய்ந்து, அப்படியே மெதுவாகச் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரவிக்கையை இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருந்தாள். ஒரு தையலுக்குள் இன்னொரு தையல்.

"என்னக்கா இது? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

அத்தான் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா அத்தானைப் பார்த்தார்.

"நீ கூட்டிட்டுப் போகலையா?" என்றார் அத்தான்.

"நீ கூட்டிட்டுப் போனேன்னுல்ல இருந்தேன்" என்றார் டீச்சரம்மா.

கையிலிருந்த தாளையெல்லாம் தூக்கி எறிந்தேன். இரண்டு பேரையும் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். "சீட்டுல போடற மாதிரி என் அக்காவுக்கும் 'காண்க' போட்டுட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டேன். டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போய், அதிலிருந்த பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார். கீழே உட்கார்ந்திருந்த அக்கா, "டீ ஆறுது, எடுத்துக்கோங்க" என்றாள்.

மறுநாள் காலையில் நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனை, படம், மறுபடி பரிசோதனை என்று மூன்று நாள் போனது. கட்டி குடலைத் தாண்டி ஈரலுக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். அறுத்து எடுக்கிற கட்டம் கடந்துவிட்டதாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதைக் கேட்டு அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "வலி தெரியாம பாத்துக்கறேன்னு முதமுதல்ல ஒருத்தர் சொல்லியிருக்காங்க" என்று சிரித்தாள். எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் இருந்தாள்.

அந்த ஒன்பது வாரமும் அத்தானும் டீச்சரம்மாவும் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். இனி ஒருவரை நம்பி ஒருவர் விடுவதில்லை என்று சபதம் எடுத்த மாதிரி நடந்துகொண்டார்கள். அத்தான் ஒரு பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவார். அரை மணி கழித்து டீச்சரம்மா இன்னொரு பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவார். இரண்டும் கட்டில் பக்கத்தில் ஜோடியாக நிற்கும். அவளுக்கோ நாலு கரண்டி இறங்காது. இரண்டு பேர் மனமும் நோகக்கூடாதென்று இதில் இரண்டு, அதில் இரண்டு என்று குடிப்பாள். மிச்சத்தை நான் கழிவறையில் கொட்டுவேன். நர்ஸ் என்னைப் பார்த்து, "அக்காவை நல்லாப் பாத்துக்கறாங்க சார், குடுத்து வச்சவங்க" என்றார். பிளாஸ்கைக் கழுவிக்கொண்டே ஆமாம் என்றேன்.

விடுபட்டுப்போன அந்தச் சொல்லையும் அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பேருமே எழுதினார்கள், தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல். அதன்படி ஹவுஸ்வைஃப் என்றால் வீட்டை நடத்துகிறவள், வீட்டின் தலைவி. பேச்சில் தேய்ந்து தேய்ந்து அந்தச் சொல் கெட்ட நடத்தைக்காரி என்று ஏசுகிற சொல்லாகவும் ஆகிவிட்டதாம். ஊசியும் நூலும் பொத்தானும் வைத்துக்கொள்கிற சின்னப் பைக்கும் ஒரு காலத்தில் அதுதான் பெயராம். நான் கட்டிலருகே உட்கார்ந்து இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஊசி நூல் பைக்கா?" என்று கேட்டாள். "அது பரவால்ல. திறந்து பாப்பாங்க."

விதிப்படி நான் ஒன்றை வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. புத்தகத்தில் இரண்டு இடத்திலும் அந்த விளக்கம் முழுசாக இருக்கிறது. புத்தகம் அச்சாகி வந்தபோது அக்கா இல்லை. அத்தான் ஒரு பிரதியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இப்போது மேசையைக் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேர் ஆறு பேர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நான் தெருவில் நின்று அவர்களை மறுபடியும் ஏசினேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து அவளைக் கொன்னுட்டீங்க" என்றேன். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டீச்சரம்மா, "ஆமாப்பா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

ஏனென்றால் டாக்டர் அறையில் நடந்த ஒன்றை மேலே எழுதாமல் விட்டிருக்கிறேன். படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு அந்த அம்மா, "பதினோரு மாசமா வலிங்கறீங்க. முதல்ல இதை யார்கிட்ட சொன்னீங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

முதலில் என்னிடம்தான் சொன்னாள். அத்தானிடம் சொன்னது வியாழக்கிழமை. என்னிடம் சொன்னது அதற்கு முந்தின திங்கட்கிழமை. தாள் மூட்டை எடுக்க அச்சகத்துக்கு வந்தவள் என் மேசையோரம் நின்றாள். அன்று சொல் எதுவும் ஒப்பிக்கவில்லை. "வயித்துல என்னமோ மாதிரி பண்ணுதுடா, பயமா இருக்கு" என்றாள். ஒரு பாத்திரக் கடையின் விலைப்பட்டியலை அவசரமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. "அத்தான்கிட்ட சொல்லுக்கா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு ஒருநாளும் நான் கேட்கவில்லை. அத்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

டாக்டர் கேட்டதும் அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு விநாடி இருக்கும். பிறகு டாக்டரிடம், "யார்கிட்டயும் சொல்லல டாக்டர். சாதாரண வலின்னு நான்தான் விட்டுட்டேன்" என்றாள்.

அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இருந்த ஒன்பது வாரத்தில் ஒருநாளும் திறக்கவில்லை.